பழைய மாணவர் பெயரைத் தேடினால் பாதிப் பேர் வருவதில்லை: மென்பொருளா, தட்டச்சா, எது கோளாறு?

செண்பகம்_ஆபீஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணினி ஓரளவு தெரியும், புரோகிராமர் இல்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளைத் தேடுவதில் எந்தத் தொல்லையும் இல்லை. அவர்கள் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இருக்கிறார்கள், எண்ணைப் போட்டால் வந்துவிடும். சிக்கல் எல்லாம் பழைய மாணவர்கள்தான். பள்ளி 1934-ல் தொடங்கியது. அன்றிலிருந்து உள்ள சேர்க்கைப் பதிவேடுகளை உள்ளூர்க்காரர் ஒருவர் கணினியில் ஏற்றி, தேடுவதற்குச் சின்னதாக ஒரு மென்பொருளும் செய்து கொடுத்தார். பி.எச்.பி. என்ற நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் என்று சொன்னார். இப்போது அவர் வெளிநாட்டில், மெயிலுக்குப் பதில் இல்லை. வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். ஒருவருக்குப் பாஸ்போர்ட்டுக்குப் படிப்புச் சான்று, ஒருவருக்குத் தொலைந்த டி.சி.க்கு நகல், இன்னொருவருக்குப் பேரனின் சாதிச் சான்றுக்காகத் தாத்தா படித்த ஆதாரம். யாருக்கும் சேர்க்கை எண் ஞாபகம் இருப்பதில்லை. பெயரும் "எழுபத்திரண்டா மூணா தெரியல சார், எட்டாவது படிச்சேன்" என்பதும்தான் கையில் இருக்கும்.

பிரச்சினை இதுதான். "கோமதி" என்று தேடினால் ஒரு பட்டியல் வருகிறது. ஆனால் பதிவேட்டில் நான் கண்ணால் பார்த்த ஒரு கோமதி அதில் இல்லை. அவருடைய சேர்க்கை எண்ணைப் போட்டால் திரையில் வந்து நிற்கிறார், பெயரும் கோமதி என்றே இருக்கிறது, ஒரு புள்ளிகூட மாறவில்லை. இன்னும் வேடிக்கை, அந்தத் திரையிலிருந்து பெயரைக் காப்பி செய்து தேடல் கட்டத்தில் ஒட்டினால் அவர் வருகிறார், முன்பு வந்த மற்ற கோமதிகள் எல்லாம் காணாமல் போகிறார்கள். சுப்பையா, முத்து போன்ற பெயர்களில் இப்படி ஆவதில்லை. கௌரி என்று தேடினால் பழைய பதிவேடுகளில் ஒருவர்கூட வருவதில்லை, 1934-லிருந்து ஒரு கௌரி கூடவா படிக்கவில்லை?

இதற்கு மேல் லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி என்று ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியிருக்கிறது. "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார், நம் ஊரில் ஏது கடைசிப் பெயர்? அதில் சிலருக்கு இனிஷியல் இருக்கிறது, சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

இதைச் சரி செய்ய முடியுமா, இல்லை முப்பதாயிரம் பெயரையும் திரும்பத் தட்ட வேண்டுமா?

---

குறிமுறை எழுதியது:

திரும்பத் தட்ட வேண்டாம். காப்பி செய்து ஒட்டினால் ஒருவர் வருகிறார், மற்றவர்கள் மறைகிறார்கள் என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற அந்த இரண்டு கோமதியும் கணினிக்குள் வேறு வேறு.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி முழுசாக ஒரே குறியீடாக இருப்பது ஒன்று. ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று உடைந்து கிடப்பது இன்னொன்று. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் மூன்றுக்கும் இது பொருந்தும். சுப்பையா, முத்து தப்பித்ததற்குக் காரணம் அவற்றில் இந்தக் குறிகள் இல்லை, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் இருந்தால் அந்தப் பெயர்க் கட்டத்தின் மேல் லெங்த் என்ற செயற்கூற்றைப் போடுங்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும். சரியான கோமதியில் 5 குறிகள், ஆக 15 பைட் வர வேண்டும். உடைந்த கோமதியில் 6 குறிகள், 18 வரும். பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டியிருந்தால் எண்ணிக்கை கூடும், அதையும் கவனியுங்கள்.

இது எப்படி வந்திருக்கும் என்று என் ஊகத்தையும் சொல்கிறேன். அவர் பழைய பதிவேடுகளை யூனிகோடில் தட்டியிருக்க மாட்டார். வானவில், பாமினி மாதிரி ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் டிடிபி ஆட்களை வைத்துத் தட்டி, பிறகு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கியிருப்பார். அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவார்கள், முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். நல்ல மாற்றி கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் தள்ளிக் காலோடு சேர்த்து ஒரே குறியாக்கும். அரைகுறை மாற்றி கொம்பைத் தள்ளுவதோடு நின்றுவிடும்.

கௌரி கதையும் அதேதான், ஆனால் இன்னும் ஒரு படி மோசம். அந்த எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அதனால் உங்களிடம் இருப்பது கௌரி இல்லை, கொம்பு போட்ட ககரமும் தனி ளகரமும், அதாவது "கெளரி". அப்படியே காப்பி செய்து தேடிப் பாருங்கள், காணாமல் போன கௌரிகள் வரிசையாக வருவார்கள்.

---

செண்பகம்_ஆபீஸ் எழுதியது:

நன்றி சார். சொன்னபடி பார்த்தேன். சில கோமதிக்கு 15, சில கோமதிக்கு 18. பதினெட்டு வருகிறவர்கள் எல்லோரும் பழைய தொகுதிகளில் உள்ளவர்கள். புதிய தொகுதிகளை நானும் இன்னொருவரும் நேரடியாகத் தட்டினோம், அவை சரியாக இருக்கின்றன. "கெளரி"யும் கிடைத்துவிட்டார்கள், கூடவே செளந்தரம், பெளர்ணமி எல்லோரும்!

அப்படியானால் பெயர்க் கட்டம் முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமா? லெட்சுமி எல்லாவற்றையும் லட்சுமி ஆக்கிவிட்டால் அந்தத் தொல்லையும் தீருமே?

---

ஓய்வூதிய எழுத்தர் எழுதியது:

அம்மா, அதை மட்டும் செய்யாதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளி அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் லெட்சுமி என்று இருந்தால் அவர் லெட்சுமிதான். எங்கள் தெற்குச் சீமையில் அப்படித்தான் எழுதுவார்கள், அது பிழை இல்லை. உங்கள் மென்பொருளிலிருந்து நகலோ படிப்புச் சான்றோ அச்சடிக்கும்போது பெயர் அந்தக் கட்டத்திலிருந்துதானே வரும்? அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு பெயர், நீங்கள் கொடுத்த சான்றில் ஒரு பெயர் என்றால் அந்த அம்மா எங்கெங்கு அலைய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பெயரை மாற்ற வேண்டியவர் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் போட்டு மாற்றிக்கொள்கிறார். ஆபீஸில் உட்கார்ந்து நாம் மாற்றக்கூடாது.

இன்னொரு விஷயம், 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய பதிவேடுகளில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அதற்குப் பிறகும் பல வருஷம் கைப்பழக்கத்தில் அப்படியே எழுதினவர்கள் உண்டு, நானும் உண்டு. "அண்ணாமலை" என்ற ஒரு பெயரிலேயே இரண்டு பழைய எழுத்து வந்துவிடும். தட்டச்சு செய்த பிள்ளைகள் இருபது வயதுக்காரர்களாக இருந்திருந்தால் என்ன என்று படித்தார்களோ. ஆகவே தேடி வரவில்லை என்றால் "இந்தப் பள்ளியில் படிக்கவில்லை" என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தொகுதியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த தேதியை வைத்துத் தேடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பழைய ஆட்களுக்கு அது உதவாது. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு என்று சேர்த்த காலம் அது. ஜூனில் ஐந்து வயது நிரம்பும்படி தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுவிடுவார். மே, ஜூனில் பிறந்த கூட்டம் உங்கள் பதிவேட்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும். வந்தவர் ஆதாரில் இருக்கும் தேதியைச் சொல்வார், பதிவேட்டில் வேறு இருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது அப்பா பெயரையும் ஊரையும் கேட்பேன். கூடப் படித்தவர் யார், வகுப்பு ஆசிரியர் யார் என்று கேட்டால் வருஷம் தானாக நெருங்கி வரும். டி.சி. அடிக்கட்டைகள் இருந்தால் அவற்றையும் ஏற்றி வையுங்கள். சேர்ந்த வருஷத்தை மறந்தவர்கூடப் பள்ளியை விட்ட வருஷத்தை மறப்பதில்லை.

---

குறிமுறை எழுதியது:

ஐயா சொல்வதை அப்படியே ஏற்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. உடைந்த ஓகாரத்தைச் சேர்ப்பது எழுத்துக்கூட்டலை மாற்றுவது ஆகாது. அச்சடித்தால் முன்பும் பின்பும் ஒரே கோமதிதான். யூனிகோடு தரமே இந்த இரண்டையும் சமம் என்கிறது, அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்எஃப்சி என்று ஒரு முறையும் வைத்திருக்கிறது. அதை மூலக் கட்டத்திலேயே செய்யலாம், முதலில் முழு பேக்கப் எடுத்துவிட்டு. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கென்று உள்ளமைந்த செயற்கூறு கிடையாது, போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. உங்களுக்குப் பி.எச்.பி. இருக்கிறதே, அதன் இன்டல் நீட்சியில் இதைச் செய்யும் நார்மலைஸர் இருக்கிறது, இருபது வரியில் முடிகிற வேலை. கொலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதியை, மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க வேண்டாம், லைக் என்ற தேடல் கட்டளை போட்டுத் தேடும்போது அது ஒவ்வொரு குறியாகத்தான் ஒப்பிடும், ஒரு குறியையும் இரண்டு குறியையும் சமமாக எடுத்துக்கொள்ளாது.

லெட்சுமி, லட்சுமி விவகாரம் வேறு. அங்கே மூலத்தைத் தொடவே கூடாது. பக்கத்தில் "தேடல் சாவி" என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, பெயரிலிருந்து அதைக் கணக்கிட்டு நிரப்புங்கள். தேட வருகிறவர் தட்டுகிற சொல்லையும் அதே வழியில் சாவியாக்கி, சாவியோடு சாவியை ஒப்பிடுங்கள். திரையில் காட்டுவதும் சான்றில் அச்சாவதும் எப்போதும் மூலப் பெயர்.

சாவி செய்கிற விதம் எனக்குப் பிடித்தது இப்படி. முற்றுப்புள்ளி, வெற்றிடம், கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள், ஒற்றை எழுத்து இனிஷியல் எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும். "கெள" வகையைக் கௌ ஆக்க வேண்டும், அதாவது கொம்புக்குப் பின் வரும் ளகரத்தில் புள்ளியோ வேறு குறியோ இல்லை என்றால் மட்டும். வெள்ளையன், தெளிவு போன்றவற்றில் ளகரத்தின் மேல் ஏதாவது இருக்கும், அதனால் அவை தப்பிவிடும். அப்புறம் ர, லவுக்கு முன்னால் சொல்லின் முதலில் நிற்கும் உயிரெழுத்தை எடுத்துவிடுங்கள், இராமசாமியும் ராமசாமியும், அரங்கநாதனும் ரங்கநாதனும், உலோகநாதனும் லோகநாதனும் ஒன்றாகிவிடுவார்கள். க்ஷ வந்தால் ட்ச. ஸ, ஷ, ஜ எல்லாம் ச. ல, ள, ழ மூன்றும் ல. ர, ற இரண்டும் ர. ந, ண, ன மூன்றும் ன. ஸ்ரீ மட்டும் தனித் தலைவலி. 2005-ல் யூனிகோடு 4.1-ல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்ட முடிகிறது, இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி தெரியும், இவற்றை என்எஃப்சி சேர்க்காது, நீங்களே சேர்க்க வேண்டும். கடைசியாக உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் உதறிவிட்டு, அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாக்கிவிடுங்கள்.

லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி நாலும் "லடசம" என்று வந்து நிற்கும். சுப்பிரமணியனும் சுப்ரமணியனும் "சபரமனயன". கிருஷ்ணனும் கிருட்டிணனும் இதில் சேர மாட்டார்கள், அந்த மாதிரிச் சில ஜோடிகளைக் கையால் ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு விலை உண்டு. கண்ணனும் கனியும் இரண்டுமே "கன" ஆகிவிடும். அதனால் முடிவுகளை வரிசைப்படுத்துங்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்துபவை மேலே, சாவி மட்டும் பொருந்துபவை கீழே, பக்கத்தில் அப்பா பெயரும் சேர்ந்த ஆண்டும். "1968 முதல் 1974 வரை" என்று ஆண்டு வரம்பு போடும் வசதி இருந்தால் பட்டியல் பத்துப் பதினைந்து பேருக்குள் சுருங்கிவிடும், அதைக் கண்ணால் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

---

எக்ஸெல் மன்னன் எழுதியது:

எதற்கு இவ்வளவு? ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைத் தேடித் தருகிற சவுண்டெக்ஸ் மைஎஸ்க்யூஎல்லிலேயே இருக்கிறதே. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக, அதாவது சிஎஸ்வியாக எடுத்து எக்ஸெலில் போட்டு ஃபில்டர் வையுங்கள், முடிந்தது.

---

குறிமுறை எழுதியது:

சவுண்டெக்ஸ் ஆங்கில ஒலிக்காகச் செய்தது, அதன் காப்புரிமையே 1918-ல் அமெரிக்காவில் ஆங்கில எழுத்தை வைத்து வாங்கியது. மைஎஸ்க்யூஎல் கையேட்டிலும் ஆங்கிலத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும் என்று போட்டிருக்கிறார்கள். தமிழுக்கு அதனால் பயனில்லை.

எக்ஸெலில் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் திறந்து சேமித்ததைத் திரும்ப ஏற்றாதீர்கள். சிஎஸ்வியைச் சும்மா இருமுறை தட்டித் திறந்தால் தேதிகளைத் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் ஜூன் 5 மே 6 ஆகிவிடும், 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் போட்டிருந்தால் 29 வரை 2000-த்தைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 1928-ல் பிறந்து 1934-ல் சேர்ந்த முதல் செட் பிள்ளைகள் 2028-ல் பிறப்பார்கள். ஆதார் மாதிரி 12 இலக்க எண்களை அறிவியல் குறியீட்டில் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. தரவு இறக்குமதி வழியாகப் போய் எல்லாக் கட்டங்களையும் "உரை" என்று சொல்லித் திறந்தால் இந்தத் தொல்லை வராது.

---

தாமிரபரணி டீச்சர் எழுதியது:

கணினி ஆசிரியை. எங்கள் பள்ளியிலும் இதே வேலையைச் செய்தோம், அதனால் இரண்டு விஷயம்.

சேர்க்கை எண் தனித்துவமானது என்று நினைத்து அதையே ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்திருந்தால் உடனே பாருங்கள். பல பள்ளிகளில் தொடக்கப் பிரிவுக்கும் உயர்நிலைப் பிரிவுக்கும் தனித்தனி வரிசை ஓடும், சில இடங்களில் புதிய தொகுதி தொடங்கும்போது எண் திரும்ப ஒன்றிலிருந்து வரும். எங்களிடம் ஒரே எண்ணில் மூன்று பேர் இருந்தார்கள். தொகுதி, பக்கம், எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள். தேடலின் வேலை சரியான பக்கத்தைக் காட்டுவதுதான், சான்று கொடுக்கும் முன் காகிதத்தைத் திறந்து சரிபார்த்தே ஆக வேண்டும். எமிஸ் எண்ணோ, மத்திய அரசின் பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸ் தருகிற 11 இலக்க நிரந்தரக் கல்வி எண்ணோ இந்தப் பழைய ஆட்களுக்குக் கிடையாது, மாணவர் வாரியாக யுடைஸ் பிளஸ் விவரம் எடுக்கத் தொடங்கியதே 2022-23-ல்தான்.

இனிஷியலையும் தேடலில் நம்ப வேண்டாம். "மு. கண்ணன்" ஒரு தொகுதியில், "எம். கண்ணன்" அடுத்த தொகுதியில். 2021 கடைசியில் இனிஷியலும் தமிழில்தான் என்று அரசாணை வந்த பிறகு சேர்ந்தவர்களுக்கு ஒழுங்காக இருக்கும், அதற்கு முன்னால் கலவைதான். அந்தக் "கடைசிப் பெயர்" கட்டத்தை எடுத்துவிட்டு இனிஷியல் ஒன்று, தந்தை அல்லது பாதுகாவலர் பெயர் ஒன்று என்று பிரித்துவிடுங்கள், முழுப் பெயராக இருப்பதெல்லாம் தந்தை பெயர், ஓரெழுத்தாக இருப்பதெல்லாம் இனிஷியல் என்று முதலில் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கையால் பார்க்கலாம்.

இன்னொன்று யாருமே கேட்கவில்லை. தேடல் திரையில் சாதிக் கட்டம் தெரிகிறதா? பழைய பதிவேட்டில் சாதி, தந்தை தொழில், சில தொகுதிகளில் ஏன் நின்றான் என்ற குறிப்பு வரை இருக்கும். கவுன்டருக்கு எதிரில் நிற்பவர் எட்டிப் பார்க்கிற மாதிரி மானிட்டர் இருந்தால் சங்கடம். பட்டியலில் பெயர், தந்தை பெயர், ஆண்டு போதும், மற்றதெல்லாம் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு. யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்று ஒரு பதிவும் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் இப்போது படிக்கும் பிள்ளைகளையும் பழைய மாணவர்களையும் ஒரே திரையில் கலக்கவே வேண்டாம்.

---

செண்பகம்_ஆபீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பள்ளி கணினி ஆசிரியரை உட்கார வைத்து இந்தத் திரியைப் படிக்கக் கொடுத்தேன். பேக்கப் எடுத்து, என்எஃப்சி முடித்து, சாவிக் கட்டமும் போட்டுவிட்டார். கோமதிகள் எல்லோரும் இப்போது ஒரே பட்டியலில். சேர்க்கை எண் விஷயத்தில் டீச்சர் சொன்னதுதான் நடந்திருக்கிறது, தொடக்கப் பிரிவு எண்களும் உயர்நிலை எண்களும் மோதுகிற இடங்களில் அந்த உள்ளூர்க்காரர் எண்ணுக்குப் பின்னால் "அ", "ஆ" என்று தானாகவே சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றைத் தொகுதியோடு ஒப்பிட்டுப் பிரிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். தொகுதியில் பார்க்கும்போது தட்டச்சுப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால், உதாரணமாகப் பதிவேட்டில் சரவணன், கணினியில் சரவனன், அதைத் திருத்தலாமா?

---

ஓய்வூதிய எழுத்தர் எழுதியது:

அதைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். பதிவேட்டில் உள்ளபடி கணினி இருக்க வேண்டும். ஆனால் பழையது என்ன, புதியது என்ன, எந்தத் தேதியில் எந்தத் தொகுதி எந்தப் பக்கம் பார்த்துத் திருத்தியது என்று எழுதி வைத்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிவேட்டிலேயே அடித்து எழுதியிருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டி.சி. அடிக்கட்டையில் எந்தப் பெயர் போயிருக்கிறது என்று பார்க்காமல் தொட வேண்டாம்.